கண்ணாடியில் இல்லாத புகை

கடைத்தெருவில் கண்ணாடிக்காரர் என்றால் ஒரே ஒருவர்தான். கண்ணாடி விற்கிறவர்கள் இன்னும் மூன்று பேர் உண்டு. அவர்களுக்குக் கடைப்பெயர் இருக்கிறது, விளக்குப் போட்ட பலகை இருக்கிறது. இவருக்குப் பலகையே கிடையாது. "பலகை வேணுங்கறவன் வெச்சுக்கட்டும். என் பலகை இந்தத் தெரு முழுக்க மாட்டிக் கெடக்கு" என்பார். பொய்யில்லை. மருந்துக்கடையின் முகப்பு, வங்கியின் கதவு, பள்ளிக்கூடத்து ஜன்னல்கள், முடிதிருத்தும் கடையில் எதிரெதிரே நிற்கும் பெரிய கண்ணாடிகள், எல்லாம் அவர் வெட்டிப் பொருத்தியவை. எது எந்த வருஷம், எத்தனை அங்குலம் என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமல் சொல்வார்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் ஒரு ஜன்னலைத் தெருவில் நின்று பார்த்து அளவு சொன்னால் நாடாவும் அதையே சொல்லும். புதுக் கண்ணாடி வந்து இறங்கினால் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணை மட்டும் கண்ணாடியின் விளிம்போடு வைத்து நீளமாகப் பார்ப்பார். குமிழ், அலை, மயிரிழைக் கீறல், எதுவும் தப்பாது. மொத்த வியாபாரிகளே பெரிய சரக்கு வந்தால் அவரைக் கூப்பிட்டனுப்பிப் பார்க்கச் சொன்ன காலம் உண்டு. "ரெண்டு கண்ணாலயும் பாக்கறவன் படம் பாக்கப் போகட்டும். கண்ணாடி பாக்க ஒரு கண்ணு போதும்" என்பது அவர் பேச்சு.

கண்ணாடி தூக்குவது இரண்டு பேர் வேலை. முதல் ஆறு வருஷம் மறுமுனையைப் பிடித்தவள் அவருடைய மனைவி. கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத நாள்கள் அவை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஐந்தாவது மாதம் வரை பிடித்தாள். அதற்குப் பிறகு அவளுடைய தம்பி வந்தான். அவனுக்கும் இப்போது ஐம்பத்தைந்து ஆகிவிட்டது, தலை நரைத்துவிட்டது, ஆனாலும் கடையில் அவன் மச்சான்தான். வருகிறவர் போகிறவர் எல்லோருமே மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது பிடி தளர்கிறது என்று யாருக்குத் தோன்றினாலும் "வை" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவன் ஏன் என்று கேட்கக் கூடாது. அந்த நொடியே இறக்கிவிட வேண்டும். கேள்வி எல்லாம் கண்ணாடி தரையில் நின்ற பிறகு. பக்கத்து ஊரில் ஒருவன் வெட்கப்பட்டு அந்தச் சொல்லைச் சொல்லாமல் இரண்டு விரலை இழந்ததைப் பார்த்துவிட்டு அவர் கொண்டுவந்த சட்டம் இது. மச்சான் எத்தனையோ முறை "வை" சொல்லியிருக்கிறான். மனைவி சொல்லியிருக்கிறாள். நாற்பத்தொரு வருஷத்தில் ஒருமுறைகூடச் சொல்லாதவர் அவர் ஒருவர்தான். வாடிக்கையாளர் யாராவது பேச்சுக் கொடுத்தால் போதும், இதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

அறுபத்தெட்டாவது வயதில் ஒரு காலையில் அவரால் கட்டிலில் புரள முடியவில்லை.

முந்தின நாள் நன்றாகத்தான் இருந்தார். விழித்துப் பார்த்தால் இரண்டு தோளும், கழுத்தும், இடுப்பும், தொடையின் மேல்பக்கமும் சிமெண்டு ஊற்றிக் காயவிட்டது போல இறுகிக் கிடந்தன. ஒரு பக்கமாகச் சரிந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்து, கால்களைத் தரையில் இறக்குவதற்குள் வேர்த்துவிட்டது. சட்டைக் கைக்குள் கை போகவில்லை. பத்து, பதினொரு மணிக்கு மேல் தானாகவே கொஞ்சம் இளகியது. மத்தியானம் கண்ணாடி வெட்டினார். அடுத்த நாள் காலையில் மறுபடி அதே சிமெண்டு.

மெத்தையைக் குற்றம் சொன்னார். மின்விசிறியைக் குற்றம் சொன்னார். தைலம் தேய்த்துக்கொண்டார். ஒரு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வயசாச்சு இல்லையா பெரியவரே, தேய்மானம் இருக்கத்தான் செய்யும்" என்றார். அந்த மருத்துவருக்கே அறுபது இருக்கும். வெளியே வந்ததும், "அவன் தேஞ்சிருக்கான், என்னையச் சொல்றான்" என்று மனைவியிடம் பொரிந்துதள்ளினார்.

கடையில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார். காலையில் சட்டை போடும் போராட்டத்தைத் தவிர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் உடம்பு இளகியிருக்கும்போதே மறுநாளுக்கான சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். தேய்த்த சட்டையின் மடிப்புக் கலையாமல் கடைக்குப் போகிற மனிதர் கசங்கிய சட்டையோடு போய் நின்றார். மனைவி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷம் அவரோடு கண்ணாடி தூக்கியவள் அவள். அவர் எப்போது இறக்குவார், எப்போது இறக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆறாவது வாரம் ஒரு துணிக்கடைக்குக் கண்ணாடி ஏற்றினார்கள். காலை எட்டு மணி. அந்த நேரத்துக்கு அவர் வேலை வைத்துக்கொள்வதில்லை, அன்றைக்குத் தட்ட முடியவில்லை. வண்டியிலிருந்து நடைபாதை வரை வந்தாயிற்று. இரண்டு படி ஏற வேண்டும். முதல் படியில் கால் வைத்து முனையை உயர்த்தியபோது தோள் அதற்கு மேல் போக மறுத்தது. கை அவருடையதாகவே இல்லை. நாக்கின் நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. விழுங்கிவிட்டார். முனை படியில் மோதியது. உள்ளங்கை அளவுக்கு ஒரு மூலை தெறித்துப் போயிற்று.

துணிக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"என்ன மச்சான், தூக்கத்துல தூக்கறியா? நான் ஏறும்போது நீ ஏன் தள்ளின?" என்று கண்ணாடிக்காரர் சத்தம் போட்டார்.

மச்சான் அவரைப் பார்த்தான். உடைந்த மூலை அவர் பக்கத்து மூலை. தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்தது.

"என் தப்புதான் அத்தான். கால் வழுக்கிடுச்சு" என்றான் மச்சான்.

அன்று மாலை மனைவியே கிளம்பச் சொன்னாள். மூட்டு, தசை நோய்களுக்கென்று இருக்கிற டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் ரத்தச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அந்தத் தாள்களோடு அவர் முன் போய் உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். தாளைப் படித்துவிட்டுத்தான் பேசினார். "காலையில எழுந்தா எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கு?"

"இறுக்கமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. லேசா ஒரு பிடிப்பு."

"பொய்" என்றாள் மனைவி. "பத்து மணி வரைக்கும் கை தூக்க முடியாது. அதுக்காக மொத நாளே சட்டைய மாட்டிக்கிட்டுப் படுத்துக்கறாரு. நான் பாக்கலைன்னு நெனப்பு."

அவர் டாக்டரம்மாவின் மேஜைமேல் கிடந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மில்லிமீட்டர், ஓரம் சரியாகத் தேய்க்கவில்லை.

"கையத் தலைக்கு மேல தூக்குங்க."

தோள் உயரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. இரண்டு கையும் அப்படியே. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். பாலிமயால்ஜியா ருமாட்டிகா. இவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டும் நாக்கில் ஏறவில்லை. "சரி விடுங்கம்மா, விறைப்புன்னு வெச்சுக்கறேன்" என்றார். "கண்ணாடி தூக்கித் தூக்கி வந்ததுதானே?"

"இல்லை. வெறும் பேனா மட்டும் தூக்கினவங்களுக்கும் வருது."

அது அவருக்கு ஒப்பவில்லை. நாற்பது வருஷப் பாரம் கொடுத்த நோய் என்றால் நாலு பேரிடம் சொல்லலாம். பேனா தூக்கினவனுக்கும் வருகிற நோய் என்றால் என்ன மரியாதை?

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்புக்குள் கிருமியை எதிர்க்க ஒரு காவல் இருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் சிலருக்கு, பெரும்பாலும் எழுபதை ஒட்டி, அந்தக் காவல் காரணமில்லாமல் தோள் மூட்டையும் இடுப்பு மூட்டையும் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வுகளைப் பகையாக நினைத்துத் தாக்கத் தொடங்கும். அங்கே அழற்சி. வலி தசையில் தெரியும், ஆனால் தசை கெட்டுப்போகவில்லை. ஓய்வில் இருக்கும்போது இறுகும், அதனால்தான் காலையில் அத்தனை கொடுமை. ஏன் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ரத்தச் சோதனையில் அழற்சியின் அளவு ஏறியிருப்பது தெரிகிறது.

"மருந்து இருக்கு. ஸ்டீராய்டு. சின்ன அளவுதான். ரெண்டு மூணு நாள்ல உங்களுக்கே வித்தியாசம் தெரியும். ஆனா கேளுங்க பெரியவரே, வலி போனதும் நோய் போயிட்டதா அர்த்தம் இல்ல. ஒரு வருஷம், சில பேருக்கு ரெண்டு வருஷம். நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பேன். நீங்களா நிறுத்தக் கூடாது. உடம்பு அந்த மாத்திரைய நம்பிப் பழகியிருக்கும், திடீர்னு நிறுத்தினா ஆபத்து. சர்க்கரையையும் எலும்பையும் நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

பிறகு ஒரு தாளில் மூன்று வரி பெரிய எழுத்தில் எழுதினார். எழுதும்போதே வாய்விட்டுப் படித்தார். நெற்றிப்பொட்டில் புதுசாகத் தலைவலி. மெல்லும்போது தாடை வலி. கண் மங்கல். "இதுல எது வந்தாலும் நாளைக்குன்னு இல்ல, அன்னைக்கே, அந்த மணியே வரணும். இந்த நோய் இருக்கிறவங்க சில பேருக்குத் தலைக்குப் போற ரத்தக்குழாயும் வீங்கும். வீங்கினா கண்ணுக்கு ரத்தம் போகாது. போன பார்வை திரும்பாது."

"என் கண்ணா?" என்று சிரித்தார். "என் கண்ணப் பத்தி உங்களுக்குத் தெரியாதும்மா."

அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கடை மேஜையின் கண்ணாடிக்கு அடியில் செருகினார். அவருக்கு முக்கியமான காகிதம் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

மாத்திரை போட்ட மூன்றாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தார். எழுந்தோம் என்பதே பிறகுதான் உறைத்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். சமையலறை வாசலில் போய் நின்று மனைவிக்குத் தூக்கிக் காட்டினார்.

"போலீஸ்காரன் பிடிச்சவன் மாதிரி நிக்காதீங்க" என்றாள் அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன் பிறகு தெருவில் அவர் வாயை மூட முடியவில்லை. முடிதிருத்தும் கடையில், மருந்துக்கடையில், எல்லா இடத்திலும் அதே கதை. "மத்தவனா இருந்தா படுத்த படுக்கை. மூணு நாள்ல எழுந்துட்டேன். டாக்டரம்மாவே அசந்துட்டாங்க." டாக்டரம்மா அசரவில்லை. இந்த மருந்துக்கு இந்த நோய் அப்படித்தான் பணியும், பணிவதே நோய் அதுதான் என்பதற்கு ஓர் அடையாளம் என்றுதான் சொன்னார். அதை அவர் வெளியே சொல்லவில்லை.

நாலு மாதம் போயிற்று. முகம் கொஞ்சம் உப்பியது. சர்க்கரை ஏறியிருக்கிறது, இனிப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டரம்மா. மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தார். முடிதிருத்துகிறவர் ஒரு நாள் கன்னத்தைத் திருப்பிப் பார்த்து, "என்ன கண்ணாடிக்காரரே, முகம் பன்னு மாதிரி ஆயிடுச்சே, மாத்திரை உப்பலா?" என்று கேட்டுவிட்டார். எதிரெதிரே நிற்கும் அந்த இரண்டு கண்ணாடியும் அவரே மாட்டியவை. அவற்றுக்குள் தம் முகத்தை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். பொருத்தி முடித்த கண்ணாடிக்கு எவனாவது தினமும் பட்டி பூசுவானா என்பது அவர் கணக்கு. மனைவி சாப்பாட்டோடு கட்டிக் கொடுக்கிற மாத்திரை கடை இழுப்பறையில் வைரக்கட்டர் பெட்டிக்கு அடியில் சேர்ந்தது.

முதல் வாரம் சோர்வு. படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரண்டாம் வாரம் காலை விறைப்பு தலைகாட்டியது. மீண்டும் முந்தின மாலையே சட்டை போட்டுக்கொண்டார். மூன்றாம் வாரம் வலது நெற்றிப்பொட்டில் குத்தலாக ஒரு வலி வந்து குந்திக்கொண்டது. சீப்புப் பட்டால் மண்டைத்தோல் எரிந்தது. கடையில் மாலையில் மச்சானோடு கடலை கொறிப்பது வழக்கம். நாலு கடலை மெல்லுவதற்குள் தாடை கடுத்து ஓய்ந்துபோயிற்று. நிறுத்தினால் சரியாகும், மெல்லத் தொடங்கினால் மறுபடி வரும்.

"என்ன அத்தான், பல்லா?"

"பல்லுதான். நீ தின்னு."

அவர் முழங்கையை ஊன்றியிருந்த மேஜைக் கண்ணாடியின் அடியில் அந்த மூன்று வரியும் கிடந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் அவர். ஒருமுறை படித்த காகிதத்தை மறுமுறை படிப்பதில்லை.

நாலாவது வாரம் ஒரு புதுக் கட்டடத்துக்காகப் பெரிய கண்ணாடி ஒன்று வந்து இறங்கியது. ஆறடிக்கு நாலடி. மச்சான் ஒரு முனை, அவர் ஒரு முனை. கடைவாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணை விளிம்போடு வைத்தார்.

கண்ணாடியின் கீழ்ப்பாதியில் புகை.

விளக்குச் சிம்னியில் படிவது போல, சாம்பல் நிறத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

"கறை. எடுத்துக்கிட்டுப் போ" என்றார் வண்டியோட்டியிடம்.

வண்டியோட்டி மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தான். "எங்க பெரியவரே? பச்சத்தண்ணி மாதிரி இருக்கு."

மச்சானும் பார்த்தான். துணியால் துடைத்தான். "எனக்கும் ஒண்ணும் தெரியல அத்தான். எதுக்கும் தலைகீழாத் திருப்பிப் பாத்துடலாமா?"

கண்ணாடி வேலையில் சந்தேகம் வந்தால் செய்கிற முதல் காரியம் அது. கறை கண்ணாடியில் இருந்தால் திருப்பும்போது கறையும் கூடவே திரும்பும். வெளிச்சத்தின் கோளாறு என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். புது ஆளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"யார் கண்ணை யார் சோதிக்கிறது?" என்று எரிந்து விழுந்தார். "நீ மூக்கு ஒழுகிக்கிட்டு இருக்கும்போது நான் பாத்த கண்ணாடி எத்தன தெரியுமா? திருப்பி அனுப்பு."

வண்டி திரும்பிப் போயிற்று. அரைமணி கழித்து அவர் நோட்டுப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு மாற்றுக் கண்ணாடி வந்தது. அதே வண்டியோட்டி. "முதலாளியே நின்னு பொறுக்கி எடுத்தது பெரியவரே. இதுலயும் கறைன்னா நான் வண்டிய வித்துட்டு ஊருக்குப் போயிடறேன்" என்றான். மனைவி அப்போதுதான் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

தூக்கினார்கள். இடது கண்ணை மூடினார்.

புகை. அதே கீழ்ப்பாதி. நேற்றைவிட அடர்த்தி.

"இதுலயும் இருக்கு" என்றார். ஆனால் குரல் நேற்றுப் போல எழும்பவில்லை.

வண்டியோட்டி தலையில் கை வைத்துக்கொண்டான். மனைவி கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். "நேத்தும் கீழ்ப்பாதிதானா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"ஆமாக்கா."

"ரெண்டு கண்ணாடியில ஒரே எடத்துல எப்படிங்க கறை வரும்?" அவள் குரல் தாழ்ந்திருந்தது. "திருப்புங்க. எனக்காக ஒருதரம் திருப்புங்க."

அவர் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று பிறகு அவருக்கே சொல்லத் தெரியவில்லை. தரையில் மரக்கட்டைகள் மேல் கண்ணாடியை நிறுத்தி, மூலை மாற்றி மூலையாகச் சுழற்றித் தலைகீழாக்கினார்கள். மச்சான் "ம்" என்றான். இருவரும் மறுபடி தூக்கினார்கள்.

இடது கண்ணை மூடினார்.

மேலே போயிருக்க வேண்டிய புகை கீழேயே நின்றது.

பார்வையைக் கண்ணாடிக்கு வெளியே நகர்த்தினார். மறுமுனையில் மச்சானின் முகம் தெரிந்தது. நரைத்த மீசை தெரிந்தது. அதற்குக் கீழே மச்சான் இல்லை. சட்டை இல்லை, கண்ணாடியைப் பிடித்திருந்த கைகள் இல்லை. அந்த இடமெல்லாம் சாம்பல். நாற்பத்தொரு வருஷம் உலகத்தின் குறையெல்லாம் பார்த்த கண் அது. தன் குறையையும் கொண்டுபோய்க் கண்ணாடியின் மேல் ஒட்டிவிட்டது.

"வை" என்றார்.

கடைக்குள் யாரும் அசையவில்லை, மச்சானைத் தவிர. அவன் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நொடியே இறக்கினான். கண்ணாடி கட்டைமேல் சத்தமில்லாமல் நின்றது. அதைச் சுவரோடு சாய்த்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். "அத்தான்?"

"கண்ணாடி நல்ல கண்ணாடி மச்சான்" என்றார். "எனக்குத்தான் கண்ணு போகுது."

மனைவி மேஜைக்குப் போய், மேஜைக் கண்ணாடியைத் தூக்கி, அந்தத் தாளை உருவினாள். சந்தேகம் வந்து இழுப்பறையைத் துழாவினாள், மாத்திரைப் பொட்டலங்களும் சிக்கின. ஒவ்வொன்றும் அவள் கையால் மடித்தது. அவள் எண்ணவில்லை, திட்டவில்லை. முந்தானையில் அவற்றை முடிந்துகொண்டாள். பிறகு, "வண்டிய எடுங்க தம்பி" என்று வண்டியோட்டியிடம் சொன்னாள். "ஊருக்கு அப்புறம் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கண்ணாடி ஏற்றிவந்த வண்டியிலேயே போனார்கள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அவர் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தார். அங்கே ரத்தக்குழாய் கயிறு போலத் தடித்து, துடிப்பில்லாமல் கிடந்தது. "எத்தன நாளாத் தலைவலி?"

"பத்து நாள் இருக்கும்மா."

"தாடை?"

"அதுவும்."

"மாத்திரை?"

மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொட்டலங்களை மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா அவற்றைப் பார்த்தார். செவிலியைக் கூப்பிட்டு நரம்பில் மருந்து ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். "மத்த சோதனையெல்லாம் அப்புறம். மொதல்ல மருந்து போகட்டும். வலது கண்ணுல போனது திரும்பும்னு நான் சொல்லமாட்டேன். இடது கண்ணக் காப்பாத்தத்தான் இந்த அவசரம். ஒரு கண்ணு போனா, மருந்து இல்லேன்னா சில நாள்லயே அடுத்ததும் போகும்."

மூன்று நாள் மருந்து ஏறியது. கண் மருத்துவர் வந்து உள்ளே பார்த்தார். நெற்றிப்பொட்டிலிருந்து ரத்தக்குழாயில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள், அழற்சி உறுதியாயிற்று. கண்ணாடிக்காரர் மணிக்கொருதரம் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணால் எதிர்ச்சுவரின் கடிகாரத்தைப் பார்ப்பார். முள் இரண்டும் தெரிகிறதா, கீழே ஆறு தெரிகிறதா. தெரிந்தது. ஒவ்வொரு முறையும் தெரிந்தது. நாலாம் நாள் டாக்டரம்மா, "இடது தப்பிச்சுது" என்றார். வலதில் மேல்பாதி மட்டும் மிஞ்சியது.

அவர் அழுதது அதற்காக இல்லை. மச்சான் பழம் வாங்கிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "துணிக்கடைக் கண்ணாடி. அந்த மூலை. நான் விட்டது."

"தெரியும் அத்தான்."

"தெரிஞ்சும் ஏன் உன் தப்புன்னு சொன்ன?"

மச்சான் பழத்தோலை உரித்துக்கொண்டிருந்தான். "நீங்க 'வை' சொல்லல. யாராவது ஒருத்தர் எறக்கணும்ல?"

அப்போதுதான் அவர் உடைந்து அழுதார்.

மாத்திரை இப்போது அதிக அளவு. முகம் முன்னைவிட உப்பியிருக்கிறது. இரண்டு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றிருக்கிறார் டாக்டரம்மா. காலையில் சாப்பிட்டதும் மனைவி எதிரே நிற்க, அவர் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறார். "பள்ளிக்கூடத்துல மூணாவதுக்கு மேல படிக்காததுக்கு இப்ப சேத்துப் படிக்கிறேன்" என்கிறார். அந்தத் தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இல்லை. கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்களில் நரைத்த தலையாகப் பார்த்து, "காலையில தோள் இறுகுதா? மெல்லும்போது தாடை வலிக்குதா?" என்று கேட்டு நச்சரிக்கிறார். முடிதிருத்துகிறவர், "கண்ணாடி வாங்க வந்தவன டாக்டர்கிட்ட அனுப்பற ஒரே கடை இதுதான்" என்கிறார்.

மொத்த வியாபாரிக்கு அவரே போன் செய்தார். நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அப்படிப் பேசியதை மச்சான் கேட்டதில்லை. "கறை உங்க சரக்குல இல்ல. என்கிட்ட. அந்த மொதக் கண்ணாடியையும் அனுப்புங்க."

வந்தது. வண்டியோட்டி வண்டியை விற்கவில்லை. மச்சான் ஒரு முனை, அவர் ஒரு முனை. பழக்கத்தில் இடது கண்ணை மூடினார். சாம்பல். மூடிய கண்ணைத் திறந்துவிட்டு, சிரமப்பட்டு வலது கண்ணை மூடினார். அந்தக் கண்ணை மூடப் பழகாத முகம் கோணிக்கொண்டது. விளிம்போடு கண்ணை வைத்து நீளமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"குமிழ் இல்ல. அலை இல்ல. நல்ல சரக்கு" என்றார்.

கடைக்குள் கொண்டுபோக ஆறு தப்படி. மூன்றாவது தப்படியில், "வை" என்றார். மச்சான் இறக்கினான். மூச்சு வாங்கிக்கொண்டு தூக்கினார்கள். ஐந்தாவதில் மறுபடி, "வை."

"என்ன அத்தான், இத்தன வருஷம் சேத்து வெச்சத இன்னைக்கே சொல்லித் தீத்துடுவீங்க போல?"

வண்டியோட்டி சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. வந்து அவர் பக்கத்து முனைக்குக் கீழே தன் கையையும் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று பேருமாகத் தூக்கி, கடைசித் தப்படியையும் நடந்து, சுவரோடு சாய்த்தார்கள்.